‘ஸ்டில் பில்’ ஒரு வாக்கியத்தில் முடிகிற இசைத்தட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ எனும் இசைவகைப் பாடகரும் பாடலாசிரியருமான பில் விதர்ஸைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இவரைப் பற்றி அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிது என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அரைப் பக்கத்தின் பெரும்பகுதி அவர் தொழிற்சாலையில் வேலை பார்த்த கதைக்கும் 1971ஆம் ஆண்டின் முதல் இசைத்தட்டுக்கும் போய்விட்டது. 1972 மே மாதம் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டான ‘ஸ்டில் பில்’ ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது; அந்த வாக்கியமும் ‘லீன் ஆன் மீ’ என்ற பாடலைத் துயருற்றோருக்கு ஆறுதல் சொல்லும் எளிய பாட்டு என்று கூறி நகர்ந்துவிட்டது. இந்த இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. விதர்ஸ் யார் என்பது தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியது இரண்டாவது இசைத்தட்டைத்தான் என்பதும், அந்தப் பாடலை அதற்கு முன்னால் வருகிற நான்கு பாடல்களோடு சேர்த்துக் கேட்காதவரை அது பாதிதான் கேட்கும் என்பதும் என் கருத்து.

தொழிற்சாலைக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938இல் பிறந்து, பதின்மூன்று வயதில் தந்தையை இழந்து, திக்குவாயோடு வளர்ந்து, ஒன்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்துவிட்டு, 1967இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து விமானங்களுக்கான கழிவறைப் பகுதிகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முதல் இசைத்தட்டின் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அவர் நிற்பது அந்தத் தொழிற்சாலையில்தான். அந்தத் தட்டின் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டு பெரு வெற்றி பெற்றபோது இசைத்தட்டு நிறுவனத்தார் அவருக்குப் பொன்னிறத்தில் ஒரு கழிவறை இருக்கையைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் எப்படித்தான் விட்டுவைத்தாரோ தெரியவில்லை. இந்தக் கதை எவ்வளவு சுவையானதோ அவ்வளவு ஆபத்தானதும்கூட. உழைப்பாளி ஒருவருக்குத் தற்செயலாக அதிர்ஷ்டம் அடித்தது என்ற எண்ணத்தை அது விட்டுச்செல்கிறது. அதன்பின் அவர் என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றாமல் போய்விடுகிறது.

முதல் இசைத்தட்டான ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ நல்ல தட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு உருவம் கொடுத்தவர் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓட்டிஸ் ரெட்டிங் முதலியோருக்குப் பின்னணி வாசித்த அவர், தம்முடைய கூட்டாளிகளான டொனால்ட் டன்னையும் அல் ஜாக்சனையும் அழைத்து வந்தார். கிட்டார் வாசிக்க ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் வந்தார். முப்பதைத் தாண்டியும் இசையுலகில் முகம் தெரியாதிருந்த ஒருவரைச் சுற்றி, அத்துறையில் தேர்ந்த கைகள் அரண்போல் நின்றன. அந்தத் தட்டின் வெற்றியில் பாடகரின் பங்கு எவ்வளவு, சுற்றி நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டாவது தட்டில் இந்தக் கடினம் இல்லை. அதில் புக்கர் டி. ஜோன்ஸும் இல்லை, ஸ்டாக்ஸ் கலைஞர்களும் இல்லை. சார்லஸ் ரைட்டின் ‘வாட்ஸ் 103ஆவது தெரு’ குழுவில் வாசித்துவந்த நால்வர், அதாவது டிரம்ஸ் ஜேம்ஸ் காட்சன், பேஸ் கிட்டார் மெல்வின் டன்லப், கிட்டார் பெனோர்ஸ் பிளாக்மன், கீபோர்ட் ரே ஜாக்சன் ஆகியோர் விதர்ஸோடு சேர்ந்தார்கள். வாசித்தவர்களும் அவர்களே, தயாரிப்பாளர்களும் அவர்களே. முதல் தட்டு வெளியாகி ஓராண்டுக்குள், வெளியிலிருந்து வழிநடத்த ஒருவரும் இல்லாமல், தன் பாட்டுக்குத் தேவையான ஓசை எது என்பதை அந்த மனிதர் தாமே முடிவு செய்துகொண்டார்.

அந்த ஓசை எப்படிப்பட்டது என்பதை முதல் பாட்டே சொல்லிவிடுகிறது. ‘லோன்லி டவுன், லோன்லி ஸ்ட்ரீட்’ நெரிசல் மிகுந்த நகரத்தில் தனித்து நிற்பவனின் பாட்டு. அதற்கு இரங்கல் ராகம் எதுவும் இல்லை. டிரம்ஸும் பேஸும் இறுக்கமாக, ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் ஓடிக்கொண்டிருக்க, துயரம் அதன்மேல் நடந்து போகிறது. இரண்டாவது பாட்டில் வயலின்கள் வருகின்றன. முன்பு காயப்பட்ட ஒரு பெண்ணிடம் தன்னை நம்பும்படி ஒருவன் கெஞ்சுகிறான். மூன்றாவது பாட்டில் நம்பிக்கையே போய்விடுகிறது. தெருவில் ஒரு பெண்ணோடு நடந்துபோகிறவனை எதிரே வருகிறவன் முறைத்துப் பார்க்கிறான், அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். அவன் யார், உனக்கு அவன் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டுக் குமைகிறான் கணவன். நடந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் தலைக்குள் நடக்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே பேஸ் கிட்டார்த் துணுக்கு, ஒரே எண்ணத்தை விட முடியாமல் சுற்றிவரும் மனத்துக்கு ஈடாக ஒலிப்பதை நான் வேறெந்தப் பாட்டிலும் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. சந்தேகத்தைப் பாடியவர்கள் பலர் உண்டு. சந்தேகப்படுகிறவன் ஓரளவு கேலிக்குரியவனாகவும் ஓரளவு அஞ்சத்தக்கவனாகவும் ஒரே நேரத்தில் தெரியும்படி பாடியவர்கள் அரிது.

நான்காவது ‘யூஸ் மீ’. இங்கே நண்பர்களும் சொந்த அண்ணனும் ஒருவனை உட்காரவைத்துப் புத்தி சொல்கிறார்கள்: அவள் உன்னைப் பயன்படுத்திக்கொள்கிறாள், விட்டுவிடு என்கிறார்கள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும், பயன்படுத்திக்கொள்ளட்டும், தீரும்வரை பயன்படுத்திக்கொள்ளட்டும் என்கிறான். ரே ஜாக்சனின் கிளாவினெட் என்ற கீபோர்ட் வாத்தியம் கொத்திக் கொத்தி முன்னேற, காட்சன் அதற்கு இடைவெளிகளில் பதில் சொல்ல, வெட்கம் கெட்ட அந்த ஒப்புதல் கேட்பவரையும் தாளம் போட வைத்துவிடுகிறது. அமெரிக்க வெற்றிப் பாடல்களின் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்ற பாட்டு இது.

இந்த நான்குக்கும் பிறகு, இசைத்தட்டின் இரு பக்கங்களில் முதல் பக்கத்தின் கடைசியில்தான் ‘லீன் ஆன் மீ’ வருகிறது. தனித்து நின்றவன், கெஞ்சியவன், சந்தேகப்பட்டவன், ஏமாற்றப்படுவதை அறிந்தே உடன்பட்டவன் என்று மனித உறவு கெடக்கூடிய வழிகளையெல்லாம் நான்கு பாட்டுகளில் பாடி முடித்த அதே குரல், என்மேல் சாய்ந்துகொள் என்கிறது. உலகம் நல்லது என்று நம்பிய பிள்ளை மனத்தின் பாட்டாக இதை எப்படிக் கேட்க முடியும்? பாட்டின் சொற்களைச் சற்று நின்று கவனித்தாலும் விஷயம் விளங்கும். நான் உனக்குத் தோள் கொடுக்கிறேன், ஏனென்றால் வெகுநாள் ஆகுமுன் எனக்கும் ஒரு தோள் தேவைப்படும் என்கிறார் விதர்ஸ். கேட்பதற்குத் தயங்கும் கௌரவத்தை விழுங்கிவிடு, நீ வாய்விட்டுச் சொல்லாவிட்டால் உன் தேவை யாருக்கும் தெரியாது என்கிறார். மேலே நிற்பவர் கீழே இருப்பவருக்குச் செய்யும் தருமத்துக்கு இங்கே இடமில்லை. கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அண்டை வீட்டாரின் கணக்கு இது. தம் சுரங்க ஊரில் மக்கள் ஒருவருக்கொருவர் துணைநின்ற பழக்கத்திலிருந்தே இந்தப் பாட்டு பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணவன் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்ட வீடுகள் நிறைந்த தெருவில் அந்தக் கணக்கு நற்குணம் சார்ந்த செய்தி மட்டுமாக இருந்திருக்காது; பிழைப்பதற்கான வழியாகவே இருந்திருக்கும்.

எளிய பாட்டு என்பதை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை. புதிதாக வாங்கிய ஒரு மின்பியானோவின் முன் உட்கார்ந்து, விரல்களின் நிலையை மாற்றாமல் வெள்ளைக் கட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிக் கீழிறங்கியபோது கிடைத்த மெட்டு இது. பியானோ கற்கத் தொடங்கிய குழந்தைகூட வாசித்துவிடும். ஆனால் அந்த எளிமையைக் கடைசிவரை காப்பாற்றியது யார்? கையில் நான்கு தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருந்தும், நடுவில் கைத்தட்டலோடு தாளம் சூடுபிடிக்கும் சிறு பகுதியைத் தவிர, மற்ற இடங்களில் அவர்களை அடக்கி வாசிக்க வைத்ததில் இருக்கிறது அந்த இசைக்குழுவின் அறிவு. 1972 ஜூலையில் இப்பாட்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கிளப் நூவோ என்ற குழு முற்றிலும் வேறு தாளத்தில் பாடியபோது மீண்டும் முதலிடம் பெற்றது; அதற்காக, இசையுலகை விட்டே விலகியிருந்த விதர்ஸுக்கு 1988இல் பாடலாசிரியர் என்ற முறையில் கிராமி விருது கிடைத்தது. தாளத்தை மாற்றியும் குலையாத மெட்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தின் உயரத்தை எட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கிஸ்ஸிங் மை லவ்’ பாட்டின் தொடக்கத்தில் காட்சன் தனியாக வாசிக்கும் சில நொடிகளைப் பிற்கால ஹிப்-ஹாப் கலைஞர்கள் பலர் எடுத்தாண்டிருக்கிறார்கள், அது நியாயம்தான். ‘அனதர் டே டு ரன்’ நன்றாக இருக்கிறது. ‘ஐ டோன்ட் நோ’ வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்துவிடுகிறது. பத்துப் பாடல்களும் முத்துகள் என்று எழுதினால் கட்டுரையாளர் செய்த தவற்றை நான் வேறு திசையிலிருந்து செய்தவனாவேன்.

2020 மார்ச் 30 அன்று தம் 81ஆம் வயதில் விதர்ஸ் காலமானார். கொரோனா ஊரடங்கின் தொடக்க நாட்கள் அவை. மருத்துவப் பணியாளர்களுக்காகவும் அடைந்து கிடந்தவர்களுக்காகவும் இதே பாட்டைப் பல நாட்டவர் பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ அது ஆறுதல் பாட்டு என்ற பெயர் இன்னும் இறுகிவிட்டது. அவ்வாறு பாடியவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இசையைப் பற்றி எழுதுகிறவருக்கு, பாட்டைத் தட்டிலிருந்து தனியே கத்தரித்து எடுக்கும் உரிமை அவ்வளவு எளிதில் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நம் திரைப்பாடல்களைப் பற்றி எழுதும்போது இசையமைப்பாளரையும் பாடகரையும் சொல்லி, தபேலா வாசித்தவரையும் கிட்டார் வாசித்தவரையும் விட்டுவிடும் வழக்கம் நமக்கு உண்டு. அதே வழக்கத்தை இந்தக் கட்டுரையிலும் கண்டேன். காட்சன், டன்லப், பிளாக்மன், ஜாக்சன் ஆகிய நான்கு பெயர்களையும் அடுத்த வாரமேனும் ஒரு சிறு குறிப்பாக வெளியிடுங்கள். கட்டுரையாளர் இனி இவரைப் பற்றி எழுத நேர்ந்தால், ‘ஸ்டில் பில்’ முதல் பக்கத்தின் ஐந்து பாடல்களையும் நடுவில் நிறுத்தாமல் வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதுமாறு என் சார்பில் அவரிடம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.