சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் கம்ப்ரஸரை மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்துக் கார் ஏ.சி. ஒர்க்‌ஷாப்புகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. குளிர் போதவில்லை என்று வருகிறவர்களோடு, பானெட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வருகிறவர்களும் அங்கே நிற்கிறார்கள். அவர்களில் பலர், பானெட்டைத் திறந்த சில நிமிடங்களிலேயே கம்ப்ரஸர் (ஏ.சி. கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் பாகம்) போய்விட்டது என்ற முடிவையும் அதற்கான பல ஆயிரம் ரூபாய் மதிப்பீட்டையும் கேட்டுவிட்டு வாடிய முகத்தோடு திரும்புகிறார்கள். கம்ப்ரஸர் இருக்கும் பக்கத்திலிருந்து சத்தம் வருவது வேறு, கம்ப்ரஸரே கெட்டுப்போவது வேறு. குளிர்சாதனத் தொழிலைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டைக் கார் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

இன்ஜினின் முன்பக்கம் ஓடும் பெல்ட்தான் கம்ப்ரஸரின் புல்லியைச் சுற்றுகிறது. ஏ.சி. அணைந்திருக்கும்போது புல்லி மட்டும் தன் பேரிங்கின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் மின்காந்தக் கிளட்ச் முன்தட்டை 'டக்' என்று இழுத்துக்கொண்ட பிறகே கம்ப்ரஸரின் உள்பாகம் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏ.சி. அணைந்திருக்கும்போதும் அதே சத்தம் இருக்கிறதா என்பதே. இருக்குமானால், கம்ப்ரஸரின் உள்பாகத்தைச் சந்தேகிப்பதற்கு முன், புல்லி பேரிங், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர்களும் சில புதிய கார்களில் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது.

அண்மையில் குழித்துறையைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் இப்படியொரு மதிப்பீட்டோடு என்னிடம் வந்தார். ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் அவருடைய காரில் ஒரே கரகரப்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விட்டதில் சத்தம் முற்றிலும் நின்றுவிட்டது. (பெல்ட் இல்லாவிட்டால் பல கார்களில் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும் என்பதால் அதற்கு மேல் ஓட விடக்கூடாது.) இன்ஜினை அணைத்து ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்த்தபோது, ஆல்டர்னேட்டரும் டென்ஷனரும் வழுக்கிக்கொண்டு சுற்றின, கம்ப்ரஸர் புல்லி மட்டும் உள்ளே மணல் விழுந்ததுபோல் நெறுநெறுத்தது, பிடித்து ஆட்டினால் இலேசாக ஆடவும் செய்தது. ஆனால் புல்லிக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைத் திருப்பினால், அதாவது கம்ப்ரஸரின் தண்டையே திருப்பினால், ஒரே சீரான இறுக்கம்தான் தெரிந்தது. பழுது பேரிங்கில் மட்டுமே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தைக் கழற்றிப் புல்லியை உருவியபோது பேரிங்கில் கிரீஸ் அறவே இல்லை, துருத்தூள்தான் கொட்டியது. புதிய பேரிங்கை அழுத்திப் பொருத்தியதும் வேலை முடிந்தது. பெரும்பாலான கார்களில் கிளட்ச் பாகங்களைக் கழற்றுவதற்குக் குழாய்களைத் திறக்க வேண்டியதில்லை. எனவே ஒரு கிராம் கேஸ்கூட வெளியேறவில்லை.

ஏ.சி. போட்டால் மட்டும் சத்தம் வருகிறது என்றாலும் உடனே கம்ப்ரஸரைக் கைகாட்டிவிட முடியாது. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தேய்ந்து அது அகன்றுவிட்டால் கிளட்ச் வழுக்கிக் கிரீச்சிடும். பெல்ட் தளர்ந்திருந்தாலும் அதே சத்தம்தான். நம் மாவட்டத்தில் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் ஓடும் கார்களில் உப்புக்காற்று பட்டு, கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் பொடிந்து உதிர்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பறக்கும் புழுதியும் அவற்றில் அடைந்துகொள்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லாததால் அழுத்தம் ஏறி, நல்ல கம்ப்ரஸரே சுமை தாங்காமல் உறுமுகிறது. கண்டென்சர் விசிறி ஓடாத கார்களிலும், அளவுக்கு மீறிக் கேஸ் அடைத்த கார்களிலும் இதுவேதான் நடக்கிறது.

கேஸ் விஷயத்தில் நடப்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆண்டுதோறும் கேஸ் அடிக்க வேண்டும் என்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காரின் ஏ.சி. ஒரு மூடிய சுற்று; ஆண்டுக்கு ஆண்டு கேஸ் குறைகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் பொருள். கம்ப்ரஸருக்கான எண்ணெய் அந்தக் கேஸோடு சேர்ந்தே சுற்றி வருவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். எண்ணெய் குறைந்த கம்ப்ரஸர் சத்தம் போடாமல் என்ன செய்யும்? நிறுத்தி வைத்த காரில் மீட்டரை மாட்டி அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்வதிலும் பயனில்லை. 30 டிகிரி வெப்பத்தில் கார் ஏ.சி.யில் பயன்படும் ஆர்-134ஏ என்ற கேஸ், குழாய்க்குள் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை, அளவு கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ.-தான் காட்டும். பல கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாக்குவம் எடுத்துவிட்டுத் தராசில் நிறுத்து அந்த அளவுக்கு அடைப்பதே முறை.

கம்ப்ரஸர் உண்மையிலேயே உள்ளே நொறுங்கிவிடுவதும் உண்டு. அப்போது எண்ணெய் கருத்து, அதில் உலோகத் துகள்கள் மின்னும். அந்த நிலையில் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது வீண் செலவு; ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் அழுத்தத்தைக் குறைத்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும், இன்றைய கண்டென்சர்களின் மெல்லிய குழாய்களிலிருந்து துகள்களை முழுமையாகக் கழுவி எடுக்க முடியாது என்பதால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் அதே துகள்கள் புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும். செலவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு உறுதியான காரணம் கையில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டலாமே என்று நினைப்பதும் சரியல்ல. பல கார்களில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. புல்லி பேரிங் இறுகி அந்தப் பெல்ட் அறுந்துபோனால், பேச்சிப்பாறைச் சாலையில் இரவில் தனியே நிற்க வேண்டிவரும்.

ஏ.சி. ஒர்க்‌ஷாப் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். சத்தம் எப்போது வருகிறது, எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, அது எப்படி உறுதி செய்யப்பட்டது என்ற மூன்றையும் மதிப்பீட்டுத் தாளிலேயே இரண்டு வரியில் எழுதித் தாருங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். கார் வைத்திருப்போரும் பில் வேண்டாம் என்று சொல்லிச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடும் நிலை வந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
தக்கலை.