வண்டலூர் வழியில் ஒரு ஹெரால்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருங்களத்தூரைத் தாண்டும்போதெல்லாம் என் கண் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்த பக்கம்தான் போகும். 1988இல் அது மூடப்பட்டது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு கார், 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. நான்கு கதவு ஹெரால்டு நம் ஊருக்கென்றே செய்யப்பட்டது, இங்கிலாந்தில்கூட அது கிடையாது.

என்னிடம் இருந்தது இரண்டு கதவு வண்டி. பழையதாகத்தான் வாங்கினேன். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்துவிடலாம். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் போகும். தெருப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போட்டி நடக்கும். எங்கள் குறுகலான தெருவில் ஒரே வளைப்பில் திரும்பும் கார் அது ஒன்றுதான். அப்புறம் எத்தனையோ கார் ஓட்டிவிட்டேன், அந்தத் திருப்பம் எதிலும் இல்லை.

மாருதி வந்த பிறகு காலம் மாறியது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 கார், பிரிட்டனின் ரோவர் காரின் உடலில் ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் எஞ்சினைச் சுமந்தது. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். தோற்றதில் வியப்பில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இன்று நம்மைக் கார் நகரம் என்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு ஹெரால்டை நிறுத்தி, பக்கத்தில் ஒரு கல்வெட்டு வைக்க அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், தாம்பரம்