சிரித்து வைக்காதே, கேட்டுவிடு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. கூட்டத்தில் மேலாளர் ‘பைட் த புல்லட்’ என்று ஓர் ஆங்கில மரபுத்தொடரைச் சொன்னாராம். எல்லோரும் தலையாட்ட, நீயும் சிரித்து வைத்தாயாம். துப்பாக்கிக் குண்டை எதற்குக் கடிக்க வேண்டும் என்று அன்று முழுக்க உன்னை அரித்திருக்கிறது.

அது வேறொன்றுமில்லை, நம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ தான். கஷ்டம்தான், ஆனாலும் செய்தே ஆக வேண்டும் என்கிற இடத்தில் வரும். அதேபோல ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்றால் கண்டும் காணாமல் இருப்பது. இப்படி நம்மிடமே ஜோடி இருந்தால் பிறகு மறக்காது.

சிலவற்றுக்குக் கதை தெரிய வேண்டும். ‘ரீட் த ரயட் ஆக்ட்’ என்பார்கள். ‘ரயட் ஆக்ட்’ என்றால் கலகச் சட்டம். பிரிட்டனில் 1715இல் அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், அதிகாரி வந்து கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனைகூட உண்டு. இன்று சட்டம் போய்விட்டது, தொடர் மட்டும் நிற்கிறது. வெளுத்து வாங்கினார், இனி இப்படி நடந்தால் தொலைத்துவிடுவேன் என்று எச்சரித்தார் என்று அர்த்தம்.

‘டேபிள்’ விஷயத்தில் ரொம்பக் கவனமாக இரு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்று அமெரிக்கர் சொன்னால், இப்போதைக்கு ஒத்திப்போடுவோம் என்று பொருள். பிரிட்டிஷ்காரர் சொன்னால், அதைப் பேச எடுத்துக்கொள்வோம் என்று பொருள். நேரெதிர்! சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் அகராதியைப் பார்த்துப் பயனில்லை.

அப்புறம், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில், தந்தையை இழந்த ஒரு சக ஊழியருக்கு ஆங்கிலத்தில் இரங்கல் கடிதம் எழுதினேன். மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றில் மனப்பாடம் செய்திருந்த ‘கிக் த பக்கெட்’டை அதில் போட்டுவிட்டேன். ‘இறந்தார்’ என்றுதான் பட்டியலில் இருந்தது. ஆனால் அது ‘காலமானார்’ இல்லையம்மா, ‘மண்டையைப் போட்டார்’. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு முன்போலப் பேசவும் இல்லை. இன்றும் நினைத்தால் மனம் வலிக்கிறது.

அதனால், முதலில் புரிந்துகொள். நாலு பேர் நாலு இடத்தில் சொல்லிக் கேட்டபிறகு நீ பேசு. பேசும்போது தொடரை மாற்றாதே. ‘கம்பி நீட்டினான்’ என்றால் நழுவிவிட்டான். ‘நீளமான கம்பியை நீட்டினான்’ என்றால் வெறும் கம்பிதான். ஆங்கிலத்திலும் அப்படித்தான், நடுவில் ஒரு சொல் நுழைந்தாலே பல தொடர்கள் குலைந்துபோகும்.

புரியாவிட்டால் அங்கேயே ‘அப்படியென்றால்?’ என்று கேட்டுவிடு. கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஒரு நோட்டு போட்டு, தொடரோடு யார் யாரிடம் எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதையும் எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வாசித்துக் காட்டு. நம்மிடம் அதற்கு என்ன ஜோடி இருக்கிறதென்று சேர்ந்தே தேடுவோம்.

அன்புடன்,
அப்பா