தெரியாது என்று சொல்ல ஆசிரியருக்கு இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வயதையும் பயிற்சிக் குறைவையும் காரணமாகச் சொல்லிவிடுகிறோம். 2018இல் க்யூஆர் குறியீட்டுடன் புதிய பாடநூல்கள் வந்தபோதும், மறு ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோதும், 2023இல் பாடங்களைக் காணொளியாகத் தரும் மணற்கேணி செயலி வந்தபோதும் நான் தலைமையாசிரியையாக இருந்தேன். தயக்கத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதை அப்போது கண்கூடாகக் கண்டேன்.

ஆசிரியர் என்றால் எல்லாம் அறிந்தவர், மாணவர் முன் தடுமாறக் கூடாதவர் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். எங்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர், பாடத்தின் நடுவே ப்ரொஜெக்டர் நின்றுபோய், ஒன்பதாம் வகுப்பு மாணவன் எழுந்து வந்து அதைச் சரிசெய்து கொடுத்த நாளுக்குப் பிறகு, திறன் வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) பக்கமே போகவில்லை. யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அந்தப் பையனும் பணிவாகத்தான் நின்றான். இருந்தும் அவர் மனம் ஒப்பவில்லை. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நா எழாது.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டி நடத்தும் குறுவள மையப் பயிற்சியிலும் இதே நிலைதான். அதிகாரிகளும் இளையவர்களும் சூழ்ந்திருக்கும் அவையில் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க மூத்தவர்களுக்கு வாய் வருவதில்லை, தலையசைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பாடம் நடத்தவேண்டிய அதே கைபேசியில்தான் எமிஸ் எனும் கல்வித் துறைத் தகவல் தளத்துக்கான வருகைப்பதிவும் நாள்தோறும் கேட்கப்படும் புள்ளிவிவரங்களும் நிறைந்திருப்பதால், அது கற்பிக்கும் கருவியாக அல்லாமல் மேலிடத்தின் கண்ணாகவே அவர்களுக்குத் தெரிகிறது. மேலிருந்து வந்த உத்தரவை மறுக்காத நம் பழக்கத்தால் செயலியைத் திறந்ததற்கான பதிவு மட்டும் சரியாக இருக்கும். வகுப்பறையில் அதனால் எதுவும் மாறியிருக்காது.

அதே கணித ஆசிரியரிடம் இளம் ஆசிரியை ஒருவர், "வடிவியலில் இந்தத் தேற்றத்தை எப்படி விளக்குவது, ஐயா?" என்று கேட்டுக்கொண்டு மடிக்கணினியோடு போய் அமர்ந்தார். மூத்தவர் தேற்றத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தை வரைந்து நகர்த்துவதை அந்த இளம் ஆசிரியை காட்டினார். மாலைநேரங்களில் இப்படியே இரண்டு மாதம் போயிற்று. பிறகு அந்த மூத்தவரே திறன் வகுப்பறையின் சாவியைக் கேட்டு வாங்கினார். மூத்தோரை மதிக்கும் அதே பண்புதான் இங்கே வழியைத் திறந்தது.

ஆகவே, பயிற்சி நாட்களில் ஒரு பகுதியையாவது குறுவள மையத்திலிருந்து பள்ளிக்கே மாற்றி, பார்வையாளர் எவருமின்றி, ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் இணையாக அமர்ந்து பழகக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். செயலியை எத்தனை முறை திறந்தார்கள் என்று கணக்குக் கேட்பதையும் அந்த மாதங்களில் நிறுத்திவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திருவாரூர் மாவட்டம்.