தவணைக்கும் தவணைக்கும் நடுவே: நகரத்தார் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு நகரத்தார் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் தொழில் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பலகாரக் கடை, கல்யாண மண்டபம் என்று எங்களிடம் வரும் கணக்குகளில் அண்மைக் காலமாகப் புது ரகம் ஒன்று சேர்ந்திருக்கிறது. நோய் கண்டறியும் பட்டை, புண்ணுக்குப் போடும் கட்டு, மலிவான பரிசோதனைக் கருவி என்று ஏதாவது ஒன்றை உருவாக்கப் பாடுபடும் சின்னஞ்சிறு கம்பெனிகள். முதலாளி என்று ஒருவர், கூடமாட இரண்டு பேர். விற்பனை என்று ஒரு ரூபாய் இருக்காது. வரவுப் பக்கத்தில் அரசாங்க மானியம் மட்டும் இருக்கும். அந்த மானியத்தின் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவே காத்திருக்கும் அவர்களுக்காகத்தான் இந்த மடல். நன்கொடை கேட்டு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பாதியில் மூடி வைத்துவிடக் கூடாதே!

"நம்மூரில் அரசாங்கம் இதற்கெல்லாம் எங்கே காசு தருகிறது? அமெரிக்காவில்தான் தருவார்கள்" என்று ஊருக்கு வரும்போது உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதிதான் சரி.

அமெரிக்காவில் 1982-இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். நம் முன்னோர் ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்துக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கினார்களே, ஏறத்தாழ அதே ஏற்பாடு. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணமாக ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் எந்த மத்தியத் துறையும், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு கம்பெனிகளுக்கென்று எடுத்து வைத்தே ஆக வேண்டும். எஸ்பிஐஆர் என்பது அதன் பெயர். மருத்துவத்தில் இதை நடத்துவது என்ஐஎச் என்ற அவர்களுடைய தேசிய சுகாதார நிறுவனம். எஸ்டிடிஆர் என்ற துணைத் திட்டத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் சிறு கம்பெனிகளுக்குப் போகிறது. அது கடன் இல்லை. கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பு கம்பெனிக்கே சொந்தம்.

இங்கேயும் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-லேயே எஸ்பிஐஆர்ஐ என்று அதே சாயலில் ஒரு திட்டம் தொடங்கியது. 2012-இல் அதே துறையின் கீழ் பைராக் என்ற நிறுவனம் வந்தது. அதன் 'பிக்' மானியத்தில், யோசனை நிலையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு 18 மாதத்துக்கு 50 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். தமிழக அரசு டான்சீட் என்று தொடக்க நிதி தருகிறது. 2025-இல் மத்திய அரசு ஒரு லட்சம் கோடிக்கு ஆராய்ச்சி நிதி ஒன்று அறிவித்தது. அது பெரும்பாலும் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன், ஓரளவு வளர்ந்த தொழில்நுட்பத்துக்கு. நான் பேசும் கம்பெனிகளுக்கு அது எட்டாத உயரம்.

ஆக, பணம் இருக்கிறது. அது வரும் நாள்தான் யாருக்கும் தெரியாது.

எங்கள் கணக்கில் உள்ள ஒரு கம்பெனியை மட்டும் சொல்கிறேன். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது முதலில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மெல்லக் கசியும். சிறுநீரில் வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளோடு ஒப்பிட்டு அதை அளப்பார்கள்; ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை. அவ்வளவு சிறிய அளவைச் சிறுநீரில் முக்கிப் பார்க்கும் சாதாரணப் பட்டை காட்டாது. லேப்புக்குப் போக வேண்டும். இவர்கள் செய்வது, வீட்டு வாசலிலேயே அதைக் கண்டுபிடிக்கும் பட்டை. பாலியெஸ்டர் தாளில் கார்பன் பசையையும் வெள்ளிப் பசையையும் அச்சடிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்யும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். அடுப்பில் வைத்து உலர்த்தி, அதன்மேல் ஆல்புமினை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைப் பூசுகிறார்கள். ஒரு சொட்டுச் சிறுநீர் விழுந்ததும் அதில் ஓடும் மின்னோட்டம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைக் கையளவு கருவி படிக்கும். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்களே, அந்தப் பையில் இதுவும் ஒரு நாள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

மானியம் கிடைத்தது. முதல் தவணையில் ஆன்டிபாடி வாங்கினார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வந்து, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் உட்கார்ந்தது. ஆய்வகத்தில் கலந்து வைத்த கரைசலில் பட்டை சரியாகவே வேலை செய்தது. முதல் கட்டம் முடிந்தது. இனி நோயாளிகளின் மாதிரியில் சோதிக்க வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் வேண்டும், இரண்டாம் தவணையும் வேண்டும். அறிக்கை போனது. செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் நாங்கள் தயார் செய்து கொடுத்தோம். மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். கூடி, இரண்டு விளக்கம் கேட்டது. பதில் போவதற்குள் மார்ச் முடிந்து நிதியாண்டு மாறியது. மறுபடியும் புதுத் தேதியில் சான்றிதழ். நிதி தந்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே யாரும் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை. பொதுப் பணத்துக்கு அந்தக் கெடுபிடி இருக்கத்தான் வேண்டும் என்று கணக்கு எழுதுகிற நானே சொல்வேன்.

ஆனால் அந்த மாதங்களில் என்ன நடந்தது தெரியுமா? அச்சடிக்கும் கை தேர்ந்த பெண், சம்பளம் இரண்டு மாதம் பாக்கி நின்றதும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஃப்ரீசருக்குக் கரண்ட் பில் நிற்கவில்லை. முதலாளியின் மனைவியுடைய ஆரம் அடகுக்குப் போனது. ஃப்ரீசரில் இருந்த ஆன்டிபாடி காலாவதித் தேதியைத் தாண்டியது. கடைசியில் தவணை முழுதாக வந்தது, ஒரு பைசா குறையவில்லை. வந்த பணத்தில் புது ஆன்டிபாடி வாங்கினார்கள். அது வேறு லாட், அதாவது வேறு முறை தயாரித்த சரக்கு என்பதால் அளவீடு எல்லாம் முதலிலிருந்து. அரசாங்கத்தின் புத்தகத்தில் அந்த மானியத்துக்கு எந்தக் குறையும் தெரியாது. என் புத்தகத்தில் தெரிகிறது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒரு குறுந்தொழில்காரரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஓர் அரசுத் துறை இதே கம்பெனியிடம் நாலு திருகாணி வாங்கியிருந்தால் அந்தச் சட்டம் காப்பாற்றும். மானியத் தவணைக்கு அது பொருந்தாது. மானியம் கொள்முதல் இல்லையே!

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். போனார்கள். ஈடில்லாக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி 2000-லிருந்து இருக்கிறது என்று நானே அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். மேலாளர் மரியாதையாகப் பேசி, மூன்று வருட ஐந்தொகையும் விற்பனைக் கணக்கும் கேட்டார். விற்பனை இருந்தால் இவர்கள் ஏன் அவர் முன்னால் உட்காரப் போகிறார்கள்?

உங்களுக்கு எழுதுவது இதனால்தான். காத்திருக்கும் காலத்துக்குப் பணம் புரட்டுவது உங்கள் வீட்டுத் தொழில். உண்டியல் சீட்டும் தவணையும் பற்று வரவும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசும் தனியாரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்து வைத்ததால்தான், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1953 பொங்கலன்று அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நான் மேலே சொன்ன பட்டை முழுக்க முழுக்க மின்வேதியியல். இந்த ஊரில் இப்படி ஒரு கம்பெனி முளைப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

என் யோசனை சிறியது. சங்கத்தின் பொதுப் பணம் வேண்டாம். அறக்கட்டளைப் பணத்தை இப்படி ஈடு வைப்பதில் சட்டச் சிக்கல் வரும். விருப்பமுள்ள சிலர் தங்கள் சொந்தப் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை போடுங்கள். அதை ஈடாக வைத்து அந்தச் சிறு கம்பெனிக்கு வங்கி ஓவர்டிராஃப்ட் கொடுக்கும், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன். பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும், உங்கள் வட்டி உங்களுக்கு வரும். கம்பெனிக்கு வங்கி போடும் வட்டி, உங்கள் வைப்பு வட்டியைவிடப் பொதுவாக ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதல். அடகுக் கடை வட்டியோடு வைத்துப் பாருங்கள்! அரசோடு கையெழுத்தான மானிய ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடுத்த தவணைக்கான அறிக்கை அனுப்பியாகியிருக்க வேண்டும். வரவேண்டிய தொகையில் ஒரு பகுதிக்கு மட்டுமே ஓவர்டிராஃப்ட். தவணை வந்ததும் அடைத்துவிட வேண்டும், அடுத்த கம்பெனி காத்திருக்கும்.

இதில் கணக்குக்காரனாக இரண்டு எச்சரிக்கை. பெரும்பாலான மானியங்களில் கடன் வட்டியைச் செலவாகக் காட்ட விடமாட்டார்கள். அந்த வட்டி அந்தப் பையன்களின் சொந்தக் கையிலிருந்துதான் போக வேண்டும். அதனால் உங்கள் வைப்பு வட்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் பெரிய உதவி. இன்னொன்று, இடைக்காலத்தில் கடன் வாங்கிச் செய்த செலவை அடுத்த தவணையில் ஈடுகட்ட, நிதி தரும் அமைப்பின் எழுத்து மூலமான ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

பணம் போகுமா என்றால், போகவும் கூடும். மதிப்பீட்டுக் குழு திட்டத்தையே நிறுத்திவிட்டால் தவணை வராது. வங்கி உங்கள் வைப்பில் கை வைக்கும். அப்போது "பணத்துக்குப் பதில் கம்பெனியில் பாதி கொடு" என்று கேட்காதீர்கள். பர்மாவில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்து, பிறகு அந்த நிலமும் கையை விட்டுப் போன கதை உங்கள் ஐயாக்களுக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து நட்டத்தைப் பிரித்துக்கொள்ளும்படி ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதை அரசாங்கமே செய்யக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். செய்ய வேண்டும், தவணைக்கும் 45 நாள் விதி வர வேண்டும் என்று தனியே மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. அமெரிக்கத் திட்டத்தின் அதிகாரக் காலம் 2025 செப்டம்பர் 30 அன்று நீட்டிக்கப்படாமல் முடிந்துபோய், புது விண்ணப்ப அழைப்புகள் நின்றன. அங்கேயும் கென்டக்கி, வட கரோலினா போன்ற மாநிலங்கள் மத்திய மானியம் வாங்கிய தம் ஊர்க் கம்பெனிகளுக்குக் கூடவே தாங்களும் கொஞ்சம் பணம் போட்டுத் தாங்கிப் பிடிக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன்மார் விசாரித்துப் பார்க்கலாம்.

அடுத்து கல்யாணம், அறுபதாம் ஆண்டு சாந்தி என்று ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பெனிக்காரர்களைக் கேட்டுவிட்டேன், கணக்குப் புத்தகத்தைக் காட்ட அவர்களுக்குச் சம்மதம். எந்தத் தேதியில் அறிக்கை போனது, எந்தத் தேதியில் பணம் வந்தது, நடுவில் எதெல்லாம் கெட்டது என்று வரி வரியாக இருக்கிறது. பார்த்துவிட்டு, சரிப்படாது என்று தோன்றினால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கர்