மீதி நாற்பது வரி

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், தலைமையாசிரியை அவர்களுக்கும், ஐந்தாம் வகுப்பு ஆசிரியைகளுக்கும்,

வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும். போன செவ்வாய்க்கிழமை இருபது பெருக்கல் கணக்கு வீட்டுப்பாடமாக வந்தது. என் மகள் விடைகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தாள். இருபதும் சரி. ஆனால் ஸ்டெப் இல்லை. அதற்காக ‘ஐ வில் ஷோ ஆல் தி ஸ்டெப்ஸ்’ என்று நூறு முறை எழுதி வரச் சொல்லி டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். கூடத்தில் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு பேனாவைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இதை நானும் என் காலத்தில் செய்திருக்கிறேன், அதனால் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவள் இரண்டு பேனாவுக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டையை மடித்துச் செருகியிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். “வெறும் ரப்பர் பேண்டு போட்டா ரெண்டு வரியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுப்பா. நோட்டுல கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடமோ அவ்வளவு தடிமனா அட்டை வைக்கணும். மூணு மடிப்பு பத்தல. நாலு மடிச்சேன்” என்றாள்.

அறுபதாவது வரியில் நோட்டின் மேலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். நடுவிரலில் பேனா பதிந்த பள்ளம் காலையிலும் மறையவில்லை. நான் உங்களிடம் சொல்ல நினைப்பது விரலைப் பற்றி இல்லை. அந்த ஒரு வாரத்தில் என் மகள் தன் மூளையை உண்மையாகவே உபயோகித்தது ஒரே ஒரு தடவை. அது நீங்கள் கொடுத்த வேலையில் இல்லை, அந்த வேலையிலிருந்து தப்பிப்பதில்.

வீட்டுப்பாடமே கூடாது என்று கேட்கிற ஆள் இல்லை நான். தினமும் ஒரு நேரத்தில், ஓர் இடத்தில் உட்கார்ந்து, தொட்ட வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் அவளுக்கு வேண்டும். சொல்லப்போனால், சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளைகளுக்குத்தான் அது அதிகமாக வேண்டும். அவர்களுக்கு எதுவும் முட்டுவதில்லை. வகுப்பில் ஒரு தடவை கேட்டால் போதும், வந்துவிடுகிறது. தெரியாத ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்வது எப்படி என்று இவர்கள் கற்றுக்கொள்வதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா வந்து முட்டும்போது “எனக்கு மேத்ஸ் வராது” என்று சொல்லிவிடுகிறார்கள். அஞ்சாவது வரைக்கும் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்து, பத்தாவதில் காணாமல் போன பிள்ளைகளை நம் தெருவிலேயே காட்டலாம். என் அண்ணனும் அதில் ஒருவர்.

வகுப்பில் அவள் சீக்கிரம் முடித்துவிட்டால் என்ன நடக்கிறது? “முடிச்சாச்சா, அப்ப அடுத்த பக்கத்தையும் போடு.” அதே மாதிரிக் கணக்கு, இன்னும் பத்து. போன மாதம் என்னிடம் சொன்னாள்: “சீக்கிரம் முடிச்சா இன்னும் குடுப்பாங்கப்பா. அதான் இப்பல்லாம் மெதுவாப் போடுறேன்.” பத்து வயதுப் பிள்ளை இப்படி வேலையை இழுத்தடிக்கக் கற்றுக்கொண்டது நம் பள்ளியில், நாங்கள் கட்டும் ஃபீஸில். அரசு அலுவலகத்தில் போய்க் கற்றிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான்: தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுத வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, முட்டி மோதிப் பார்க்க ஒரே ஒரு கணக்கு கொடுங்கள்.

அந்த இருபதில் ஒன்று 25 பெருக்கல் 16. எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். “நாலு இருபத்தஞ்சு நூறு. பதினாறுல நாலு நாலு இருக்கு. அதனால நானூறு.” ஸ்டெப் எல்லாம் மனதுக்குள் இருக்கிறது. “எப்படிம்மா போட்டே?” என்று ஆசிரியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். அதைத் தாளில் எழுதும் முறையையும் அங்கேயே சொல்லித் தந்திருக்கலாம்.

இத்தனைக்கும் நாம் இருப்பது கும்பகோணம். டிசம்பர் 22 கணித நாளன்று எந்தப் பிள்ளைக்குக் கோட்டும் டையும் மாட்டி ராமானுஜன் என்று மேடை ஏற்றலாம் என்று போட்டி போடுகிறோம். அவர் வளர்ந்த சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டுக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறீர்கள், நல்ல விஷயம். அந்த வீட்டுப் பிள்ளை தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். நம் பள்ளியில் சேர்த்திருந்தால் அவருக்கு எத்தனை நூறு முறை எழுதக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்டெப் வேண்டும் என்று கேட்பது தப்பில்லை. அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டியும் அவரிடம் நிரூபணம் கேட்டார். ஆனால் இம்போசிஷன் கொடுக்கவில்லை.

சட்டம் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனாலும் நினைவுபடுத்துகிறேன். தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டைச் சுற்றி இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை மட்டும் கொடுக்கலாம் என்று, பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு சொன்னது 1993-இல். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வாரத்துக்கு. எங்கள் வீட்டில் அந்த 2 மணி நேரம் திங்கட்கிழமை ராத்திரியே தீர்ந்துவிடுகிறது.

இதில் ப்ராஜெக்டைச் சேர்க்கவில்லை. நாளைக்குச் சார்ட் வேண்டும் என்று ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸாப்பில் வருகிறது. பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரிக் கடையில் பத்து அப்பாக்கள் நிற்கிறோம். எல்லோருக்கும் வேண்டியது அதே சூரியக் குடும்பப் படம்தான். கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தாளை உருவுகிறார். எங்கள் வீட்டுச் சனி கிரகத்துக்கு வளையம் போட்டது என் அம்மா. வயது எழுபத்தொன்று. ‘வெரி குட்’ வாங்கினார்.

குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். “அந்த ஸ்கூல்ல தினம் அஞ்சு பக்கம் எழுதுறாங்க, இங்க ஒண்ணுமே குடுக்க மாட்டேங்கறாங்க” என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களும் நாங்கள்தான். நிறைந்த நோட்டைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு திருப்தி. ஆசிரியைகளின் பாடும் தெரியும். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், நாற்பது நோட்டு, அதுபோல மூன்று வகுப்பு. இருபது கணக்கைத் திருத்த நேரம் ஏது? டிக் போடத்தான் முடியும். ஒரு கணக்காக இருந்தால் படித்தே பார்க்கலாமே.

போன சனிக்கிழமை அவளிடம் ஒன்று கேட்டேன்: ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினால் 7 எத்தனை தடவை வரும்? பத்து என்றாள். எழுபதுகளை விட்டுவிட்டோமே என்று அவளே திருத்தி, எண்ணிப் பார்த்து, பத்தொன்பது என்றாள். “இல்லை” என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. தோசை ஆறிப்போனது. அவள் அம்மா இரண்டு தடவை திட்டினாள். முக்கால் மணி நேரம் கழித்து, குளியலறையிலிருந்து ஒரு கத்தல்: “எழுபத்தேழுல ரெண்டு ஏழுப்பா!” விடை இருபது. யாரும் சொல்லாமல் நோட்டை எடுத்து, எப்படி வந்தது என்று அரைப் பக்கம் எழுதி வைத்தாள். நீங்கள் கேட்ட ஸ்டெப் அதுதான்.

இந்த மாதிரி ஒன்று போதும். மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபம் இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை காலடி என்று நடந்து எண்ணு, முழுக்கச் சுற்ற எத்தனை வரும் என்று ஊகித்து எழுது, அப்புறம் சுற்றிப் பார்த்து ஏன் வித்தியாசம் வந்தது என்று சொல். இப்படிக் கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் முடிக்கிற பிள்ளைக்கும், மெதுவாகப் போகிற பிள்ளைக்கும் இதில் வேலை இருக்கிறது. கூட நடக்க நான் தயார். தெருவில் இன்னும் நாலு அப்பாக்களும் வருவார்கள்.

ஆகவே தயவுசெய்து, தெரிந்ததைத் திரும்ப எழுத வைப்பதை நிறுத்துங்கள். நாளுக்கு ஒரே ஒரு கணக்கு, யோசிக்க வைக்கிற கணக்கு. சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அடுத்த பக்கம் வேண்டாம். நூலக அலமாரியின் சாவியைக் கொடுங்கள், பூட்டியே இருக்கிறது.

இன்னொன்று. நூறில் அறுபது வரி எழுதியாகிவிட்டது. மீதி நாற்பது வராது. எழுத வேண்டாம் என்று சொன்னது நான், அவள் இல்லை. அதையும் டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதற்காக அவளை வெளியே நிற்க வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா
கும்பகோணம்