வின்டர்தூர் வரை ஒருமுறை போய் வா

குன்னூர்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சாப்பாடும் குளிரும் பேசியே நேரம் போய்விடுகிறது. உன் ஆபீஸில் ஒருவர் “உங்கள் மலை ரயில் எங்கள் நாட்டு இன்ஜின்” என்று சொன்னதாகப் போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

அவர் சொன்னது சரிதான். சுவிட்சர்லாந்தில், ஜூரிச்சிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வரும் வின்டர்தூரில்தான் நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் பிறந்தன. 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952இல் 5. முப்பத்தாறு வருஷம் குன்னூர் இன்ஜின் ஷெட்டில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தே வேலை செய்தேன்.

மலைக்கு ரயில் என்ற பேச்சு 1854இலேயே எழுந்தது. குன்னூருக்கு வண்டி ஏறியது 1899இல், ஊட்டிக்கு 1908இல். அவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் ஏற்றம். மலையடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டினால் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவே ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்த பல் சட்டம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள்; ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். கீழே உள்ள இரண்டும் சாதாரண சக்கரங்களை ஓட்டும், மேலே உள்ள இரண்டும் பல் சக்கரங்களை. ஏற்றம் தொடங்கியதும், கீழே உழைத்து முடித்த ஆவியை வெளியே விடாமல் மேலே அனுப்பி மறுபடி வேலை வாங்குவோம். இவ்வளவு அழகான யோசனையை வேறு எந்த மெஷினிலும் நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் கல்லாறு தாண்டியதும் “அப்பா, சத்தம் மாறிடுச்சு” என்று துள்ளுவாயே, மேல் சிலிண்டர்கள் விழித்துக்கொண்ட சத்தம் அது. இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றும் கேட்பாய். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாமல் கீழே நின்று தாங்கத்தான், கண்ணு.

ஆனால் அந்த ஆபீஸ்காரரிடம் மீதியையும் சொல். வயசான இன்ஜினுக்குக் கடையில் ஸ்பேர் கிடைக்காது. தேய்ந்த பாகத்தைக் கழற்றி, அளந்து, படம் போட்டு, புதிதாகச் செய்து மாட்டினால்தான் வண்டி ஏறும். அப்படிச் செய்து செய்து கை பழகிய நம் ஆட்கள் திருச்சி பொன்மலைப் பட்டறையில் முழு இன்ஜினையே கட்டிவிட்டார்கள். 2011இல் முதலாவது, எண்ணெய் எரித்து ஆவியில் ஓடுவது. 2021இல் நிலக்கரியில் ஓடும் 37400ஆம் எண் இன்ஜின். பொன்மலை இன்ஜின் முதன்முதலாகக் குன்னூருக்கு ஏறி வந்த அன்று ஷெட்டில் ஒருவரும் மதியச் சாப்பாட்டுக்கு நகரவில்லை. நான் அதன் கனெக்டிங் ராடை, சக்கரத்தைச் சுழற்றும் அந்தக் கம்பியை, தொட்டுக்கொண்டே நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வின்டர்தூர் போய் வா. ஸ்டேஷன் பெயர்ப் பலகை தெரியும்படி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. பழைய ஷெட் ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அம்மா வர்க்கி பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா